முகத்தை வாங்கிக்கொண்டு இனாம் என்று சொல்லலாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாயாற்றிலிருந்தும் செம்மலை, அளம்பில், கொக்கிளாய்ப் பக்கங்களிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, தம்பி தங்கையரே, தொழிலுக்குப் புதிதாக வருகிற படப்பிடிப்பாளர்கள், போர்ட்போலியோ என்று அவர்கள் சொல்லுகிற படத்தொகுப்பைச் சேர்த்துக்கொள்வதற்காகச் சனத்துக்குச் சும்மா படம் எடுத்துக் கொடுக்கலாமா என்பது இன்றைய கேள்வி. கொடுக்கலாம், அதுதான் முன்னேற வழி என்று எதிரணி பேசி முடித்திருக்கிறது. அந்த வழக்கம் எடுக்கிறவருக்கும் கேடு, எடுக்கப்படுகிறவருக்கும் கேடு என்பது என் பக்கம்.

கரைவலையில் இருந்தே தொடங்குகிறேன். இந்தக் கரையில் இருக்கிற எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுக்க, மடி மெல்ல மெல்லக் கரையேறுகிறது. மீன் கொட்டியதும் சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு என்று கணக்கு நடக்கிறது. அந்தக் கணக்குக்குள் வராத ஒரு பொடியனும் அங்கே நிற்பான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கயிற்றின் கடைசியைப் பிடித்துத் தொங்கியவன். அவனால் வலைக்குப் பெரிய பலம் எதுவும் கூடியிருக்காது. ஆனாலும் அவன் கையில் கறிக்கு மீன் கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நீ பழகத்தானே வந்தாய், உனக்கு எதற்கு மீன் என்று கேட்கிற வழக்கம் கரையில் இல்லை. பழகுகிறவனுக்குப் பங்கு சிறியதாக இருக்கலாம், வெறுங்கையாக இருக்கக் கூடாது என்ற நியாயத்தைக் கடற்றொழில் எப்போதோ கண்டுகொண்டது. கமராத் தொழிலுக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் பொருந்தாது என்று எதிரணி சொல்லட்டும்.

எதிரணித் தலைவர், சும்மா எடுத்தால் கை பழகும் என்றார். பொத்தானை அமுக்கக் கை பழகும், அது உண்மை. ஆனால் ஒரு தொழிலைக் கற்பது என்பது பிழையைக் கற்பது. அந்தப் பிழையை யார் சொல்லித் தருவது? தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம்முடைய பழமொழி சொல்லுகிறது. வாங்குகிறவருக்கு அது நல்ல புத்திதான். மாட்டைக் கொடுத்தவருக்கு அதில் எவ்வளவு நட்டம் என்று யோசித்துப் பாருங்கள். தன்னுடைய மாட்டின் பல் எப்படி இருக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஒரு சாமத்திய வீட்டை எடுத்துக்கொள்வோம். உச்சி வெயில், பந்தலுக்குள் பாதி நிழல், பிள்ளைக்குப் பட்டுச் சேலை, முகத்தில் ஒரு கரையில் வெளிச்சம் விழுந்து மற்றக் கரை இருட்டாகக் கிடக்கிறது. புதிதாகப் பழகுகிறவருக்கு அந்த வெளிச்சத்தைச் சமாளிக்கத் தெரியாது. கணினியில் போட்டு முகத்தை வெளுக்க வைக்கிறார். கறுத்த, களையான பிள்ளையின் முகம் மாவு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம், முகம் வேறொரு நிறம். காசு கொடுத்த தாய் அல்பத்தின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, தம்பி, என்ர பிள்ளையின்ர நிறம் இது இல்லை, மாற்றித் தாரும் என்பாள். அந்த ஒரு வசனத்தில் அந்தத் தம்பி ஆறு மாதப் படிப்பைப் படித்துவிடுவார். சும்மா எடுத்துக் கொடுத்திருந்தால், அதே தாய் அதே பக்கத்தைப் பார்த்து, வடிவாய் இருக்கு தம்பி என்று சொல்லிவிட்டு அல்பத்தை அலுமாரிக்குள் வைத்துவிடுவாள். அவள் பொய் சொல்லவில்லை. இனாமாக வாங்கியதில் குறை சொல்லக் கூடாது என்ற மரியாதை அவளிடம் இருக்கிறது. அந்த மரியாதைதான் இவருடைய படிப்பைக் கெடுக்கிறது. இப்படிப் பத்து வீட்டில் எடுத்துச் சேர்த்த தொகுப்பில் பத்துத் தரம் செய்த ஒரே பிழைதான் இருக்கும்.

இனி என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இனாம் என்று சொல்லுகிறோம், உண்மையிலேயே அது இனாமா? தொகுப்புக்காக எடுக்கிற படம் தொகுப்புக்குள் போக வேண்டும். தொகுப்பு இன்றைக்கு எங்கே இருக்கிறது? முகநூலில், இன்ஸ்டகிராமில், கடை வாசல் பதாகையில். ஆகவே படம் எடுத்துக்கொள்ள வந்த பிள்ளை காசு கொடுக்கவில்லை என்றாலும், தன் முகத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள். அந்த முகத்தை ஊருக்குக் காட்ட விருப்பம் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வருமா? சும்மா எடுத்துத் தந்த அண்ணாவிடம் எப்படிச் சொல்வது என்று தாயும் தயங்குவாள். காசு கொடுத்தவருக்கு இந்தத் தயக்கம் இல்லை. என் மகளின் படத்தை எங்கேயும் போடக் கூடாது என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வார். விலை என்பது வாங்குகிறவர் கையில் இருக்கிற அதிகாரம், மறுக்கிற அதிகாரம். இனாம் அதை மெல்லப் பிடுங்கிக்கொள்கிறது. போருக்குப் பிறகு பெண்களே தலைமை தாங்குகிற குடும்பங்கள் நிறைந்தது நம்முடைய முல்லைத்தீவு மாவட்டம். ஒரு பிள்ளையின் படம் தெரியாத கைக்குப் போனால் என்ன பேச்சு வரும், அந்தப் பேச்சை எந்தத் தாய் தனியாக நின்று தாங்க வேண்டும் என்பது இங்கே அமர்ந்திருக்கிற அம்மாமாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உலகம் அறிந்த ஒரு படத்தைச் சொல்லுகிறேன். 1936 ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்த காலம். கலிபோர்னியாவில் பட்டாணி பிடுங்கும் கூலிகளின் முகாமில், பிள்ளைகள் தோளில் சாய்ந்திருக்க, கையைக் கன்னத்தில் வைத்துத் தூரத்தைப் பார்க்கிற ஒரு தாயை டொரதியா லாங்கே என்ற பெண் படம் எடுத்தார். லாங்கேக்கு அரசாங்க நிறுவனம் சம்பளம் கொடுத்தது. படத்தில் இருந்த தாய்க்குப் படத்துக்கென்று ஒரு காசும் கொடுக்கப்படவில்லை. அவருடைய பெயர் புளோரன்ஸ் ஓவென்ஸ் தொம்சன் என்று உலகத்துக்குத் தெரியவந்தது 1978 இல். 42 வருடமாக அந்த முகம் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் இருந்தது. அந்த முகத்துக்கு உரியவர் யாரென்று தெரியாமலே இருந்தது. அந்தப் படம் பெரிய படம், பட்டினிக்குச் சாட்சி சொன்ன படம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவ்வளவு பெரிய படத்துக்கே படத்தில் இருந்தவரிடம் ஒரு கடன் மிச்சம் நிற்கிறது என்றால், கடையின் விளம்பரத்துக்காக எடுக்கிற படத்துக்கு அந்தக் கடன் எவ்வளவு கூடும்!

அதே லாங்கேயை எதிரணிக்குப் பதிலாகவும் வைக்கிறேன். மாதிரிப் படம் இல்லாமல் முதல் வாடிக்கையாளர் எப்படி வருவார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. லாங்கே சான் பிரான்சிஸ்கோவில் ஸ்ரூடியோ வைத்து, வசதியானவர்களைக் காசுக்குப் படம் எடுத்து வாழ்ந்தவர். 1933 இல் தானாகவே தெருவுக்கு இறங்கி, இலவச உணவுக்கு வரிசையில் நின்றவர்களை எடுத்தார். யாரும் அவரை அழைக்கவில்லை, யாருக்கும் அவர் அதை இனாமாகக் கொடுக்கவில்லை. தன் கண்ணுக்காக எடுத்தார். அவரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது அந்தத் தெருப் படங்கள்தான். நம் நாட்டில் லயனல் வென்ட் என்ற படப்பிடிப்பாளர் இருந்தார், 1900 இல் பிறந்து 1944 இல் மறைந்தவர். சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர். அவருடைய படங்களை இன்றைக்கும் உலகம் தேடிப் பார்க்கிறது. அவர் எவருடைய கலியாணத்துக்கும் சும்மா போய் அந்தத் தொகுப்பைச் சேர்க்கவில்லை. வென்டுக்கு வசதி இருந்தது என்று எதிரணி சொல்லக்கூடும். சரி, வசதி இல்லாத பிள்ளைக்கு நாயாறு இல்லையா? முகத்துவாரத்தில் கடலும் களப்பும் கலக்கிற இடத்தில் விடியற்காலை வெளிச்சம் இருக்கிறது. வாடிகள் இருக்கின்றன, வலை பொத்துகிற கைகள் இருக்கின்றன. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு வருகிற சனம் இருக்கிறது. கேட்டு, சம்மதம் வாங்கி, அதையெல்லாம் எடுக்கட்டும். தன் சொந்தத் தங்கையை நிறுத்தி நூறு தரம் வெளிச்சம் பழகட்டும். தனக்காக எடுக்கிற படத்துக்குக் கூலி கேட்க யாரும் இல்லை, அதை இனாம் என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். வாடிக்கையாளர் ஒருவரை முன்னால் நிறுத்தி, நாள் குறித்து, அவருக்குப் படம் கொடுப்பதாக வாக்குச் சொல்லிவிட்டால் அது தொழில். தொழில் என்றால் அதற்கு விலை வேண்டும். முதல் வருடத்தில் விலை குறைவாக இருக்கட்டும். பற்றுச்சீட்டில் முழு விலையை எழுதி, புதிதாகத் தொடங்குவதால் இவ்வளவு கழிவு என்று அதன் கீழே எழுதட்டும். விலை எது, கழிவு எது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். அடுத்த வருடம் கழிவை நிறுத்தலாம். சும்மா கொடுத்ததை அடுத்த வருடம் விலையாக மாற்றுவது அவ்வளவு இலேசல்ல.

அது எவ்வளவு கடினம் என்பதற்கு வடக்கு மாகாணத்தில் நாம் கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது. தொண்டர் ஆசிரியர்களை நினைத்துப் பாருங்கள். போரின் நடுவிலும் போருக்குப் பின்னும் ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களில், நாளைக்கு நிரந்தர நியமனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வருடக்கணக்காகப் படிப்பித்தவர்கள் அவர்கள். சுகாதாரத் தொண்டர்களும் அப்படித்தான். அந்தச் சேவையை நான் வணங்குகிறேன். ஆனால் நடந்தது என்ன? சும்மா கிடைத்த உழைப்புக்கு நியமனம் கொடுக்க யாரும் அவசரப்படவில்லை. கடைசியில் அவர்கள் அலுவலக வாசல்களில் பதாகையோடு இருந்து போராட வேண்டி வந்தது. இன்றைக்குச் சும்மா செய், நாளைக்குக் கிடைக்கும் என்ற வாக்கு எப்படி நீண்டுகொண்டே போகும் என்று இந்த மண்ணுக்குத் தெரியும். ஒரு மருத்துவர் உள்ளகப் பயிற்சியில் இருக்கும்போதே சம்பளம் வாங்குகிறார். அதனால் அவருடைய பயிற்சி குறைந்துபோய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை.

சும்மா எடுத்தால்தான் ஏழைப் பிள்ளையும் தொழிலுக்குள் நுழையலாம் என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் உருக்கமாகச் சொன்னார். அவருடைய மனதை மதிக்கிறேன். ஆனால் கணக்கு அவருக்கு எதிராக இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவுக்குப் போனது. 1,000 டொலர் கமரா ஒன்றின் விலை இரண்டு இலட்சத்தில் இருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரமாக ஏறியது, வரி சேராமல். 2024 ஜனவரியில் இருந்து பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினெட்டு. அப்படி வாங்கிய கமராவின் உள்ளே ஷட்டர் என்றொரு பாகம் இருக்கிறது. ஆரம்பநிலைக் கமராக்கள் பலவற்றில் அது ஏறக்குறைய ஒரு இலட்சம் தரம் திறந்து மூடும் என்று கணக்கிட்டுச் செய்கிறார்கள். ஒரு கலியாண வீட்டுக்கு மூவாயிரம் தரம் அமுக்கினால், முப்பத்து மூன்று கலியாணத்தோடு அதன் ஆயுட்கணக்கு முடிகிறது. பத்துக் கலியாணத்தைச் சும்மா எடுத்தால் கமராவின் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தானம் செய்தாயிற்று. கடற்கரையில் எடுத்தால் உப்புக் காற்று வில்லையில் படிகிறது, மணல் வளையத்துக்குள் இறங்குகிறது. அந்தத் தேய்மானம் தனி. இந்த நட்டத்தை யாரால் தாங்க முடியும்? கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ மாதம் தவறாமல் காசு வருகிற வீட்டுப் பிள்ளையால் முடியும். தாய் நுண்கடன் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுப் பிள்ளையால், நகையை அடகு வைத்துக் கமரா எடுத்த பிள்ளையால் முடியாது. சும்மா எடுப்பதுதான் தொழிலுக்குள் வரும் வாசல் என்று நாம் வழக்கம் செய்துவிட்டால், அந்த வாசலில் முதலில் நிற்கப்போவது ஏழைப் பிள்ளையல்ல. இந்த நாட்டில் 2025 ஏப்ரலில் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைச் சட்டம் 27,000 ரூபாவாக உயர்த்தியது. சொந்தத் தொழில் செய்கிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, உண்மை. ஆனால் உழைப்புக்குக் கீழ்வரம்பு ஒன்று வேண்டும் என்ற அறம் எல்லோருக்கும் பொதுவானது.

சும்மா எடுப்பதால் ஊர் ஸ்ரூடியோவுக்கு வருகிற நட்டத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகிற பிள்ளைக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அதற்குரிய படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்ரூடியோ ஒன்றில் எடுக்க வேண்டும். அவர்கள்தான் அதை இணையத்தில் ஏற்றிப் பற்றுச்சீட்டுத் தருகிறார்கள். அந்தச் சின்னப் படத்தில் வருகிற வருமானத்தில் ஒரு கடை வாடகை கட்டி, மின்சாரம் கட்டி வாழ முடியாது. கலியாண வீடும் சாமத்திய வீடும்தான் அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. அந்த வேலைகளை ஆளுக்கு ஆள் சும்மா செய்து கொடுத்தால், முதலில் சாத்தப்படுவது அந்தக் கதவு. பிறகு நாயாற்றுப் பிள்ளை அடையாள அட்டைப் படத்துக்கு எவ்வளவு தூரம் பஸ் ஏற வேண்டும் என்று யோசியுங்கள். ஸ்ரூடியோப் படத்தைக் கலை இல்லாத படம் என்று யாரும் இலேசாக நினைக்கக் கூடாது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியிலும், அதையடுத்து மார்ச்சில் முல்லைத்தீவிலும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் வந்து அமர்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அடையாள அட்டைக்கு எடுத்தது, பள்ளிக்கூடத்துக்கு எடுத்தது, யாரோ ஒருவருடைய கலியாணத்தில் கூட்டமாக நின்றபோது எடுத்தது. பெருப்பித்ததால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, ஓரத்தில் இன்னொருவருடைய தோள் பாதி நிற்கிறது. 1984 இல் இருந்து இடம்பெயர்ந்த சனம், 2004 ஆழிப்பேரலையில் வீட்டைக் கொடுத்த சனம், 2009 இல் உடுத்த உடுப்போடு நடந்த சனம், இவ்வளவுக்கும் இடையில் காப்பாற்றி வைத்த படங்கள் அவை. அவற்றை எடுத்தவர்கள் எந்தத் தொகுப்புக்காகவும் எடுக்கவில்லை. காசு வாங்கி, கேட்டதை ஒழுங்காக எடுத்துக் கொடுத்த சாதாரணத் தொழிலாளிகள். ஒரு முகம் இப்படி இருந்தது என்பதற்கு இன்றைக்குச் சாட்சியாக நிற்பது அவர்களுடைய வேலை.

அப்படியென்றால் இல்லாதவர்களுக்குப் படமே வேண்டாமா என்று எதிரணி கேட்கும். கட்டாயம் வேண்டும். படம் ஒன்றுகூட மிஞ்சாத வீடுகள் வன்னியில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பாட்டியை அவருடைய பேரப்பிள்ளைகளோடு இருத்தி ஒரு படம் எடுத்து, சட்டம் போட்டுக் கொடுக்கிற தம்பியை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அது கொடை. கொடையில் கொடுக்கிறவர் எதையும் திருப்பி எதிர்பார்ப்பதில்லை, அந்தப் படத்தைத் தன் கடைப் பதாகையில் போடுவதில்லை. தொகுப்புக்காகச் சும்மா எடுக்கிறவர் யாரைத் தெரிவு செய்கிறார் என்று கவனியுங்கள். வடிவான சோடி, பெரிய மண்டபம், ட்ரோன் பறக்க நல்ல இடம். உண்மையில் தேவைப்பட்ட பாட்டிக்கு அந்த இனாம் போய்ச் சேருவதில்லை. ஆகவே கொடையின் பெயரைச் சொல்லி இந்த வழக்கத்தைக் காப்பாற்ற முடியாது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் எடுத்துக் கொடுப்பதும் அன்பளிப்புத்தான். மாமா காசு கவரில் வைத்துக் கொடுக்கிறார், மருமகன் படமாகக் கொடுக்கிறான். அதை நான் குறை சொல்லவில்லை.

இனி என்ன செய்யலாம்? 1947 இல் ரொபர்ட் காப்பா, ஹென்றி கார்த்தியே பிரெசோன் முதலான படப்பிடிப்பாளர்கள் சேர்ந்து மெக்னம் என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். தாங்கள் எடுத்த படத்தின் உரிமை தங்களிடமே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நமக்குக் கூட்டுறவு புதியதல்ல, கரையில் ஒவ்வொரு ஊருக்கும் கடற்றொழிலாளர் சங்கம் இருக்கிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் படப்பிடிப்பாளர்களும் அப்படி ஒன்றுகூடி, இதற்குக் கீழே எவரும் இறங்குவதில்லை என்று ஒரு விலையை வைக்கட்டும். பழகுகிற பிள்ளையை மூத்தவர்கள் கலியாண வீட்டுக்கு உதவிக்குக் கூட்டிக்கொண்டு போய், நாட்கூலி கொடுத்து, அவர் எடுத்த படத்தில் அவர் பெயரைப் போட்டுக் கொடுக்கட்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிப்படத்தையும் காக்கிறது. படைத்தவருடைய ஆயுளுக்கும் அதன் பின் 70 வருடத்துக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அவ்வளவு காலம் நிற்கப்போகிற ஒன்றைச் சட்டம் சொத்து என்கிறது. அதை எடுத்த பிள்ளை அதைச் சாம்பிள் என்று சொல்லிக் கைமாற்றிவிடக் கூடாது.

தீர்ப்பை நடுவர் சொல்லட்டும். நான் கேட்பது இங்கே அமர்ந்திருக்கிற உங்களிடம். வருகிற ஆவணியில் உங்கள் வீட்டில் கலியாணம் இருக்கலாம், சாமத்தியம் இருக்கலாம். நேற்றுத்தான் கமரா வாங்கிய ஒரு தம்பியோ தங்கையோ படலைக்கு வந்து, நான் சும்மா எடுத்துத் தாறன் என்று சொல்லக்கூடும். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுங்கள். விலை எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் நீங்களே ஒரு தொகையைச் சொல்லுங்கள், சின்னத் தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. படம் வந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். பிள்ளையின் நிறம் மாறியிருந்தால் விரலை வைத்துக் காட்டித் திருத்தித் தரச் சொல்லுங்கள். பிறகு காசைக் கையில் கொடுங்கள்.